பருவமடைதல் எந்த வயதில் இயல்பானது: மலையகப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மலையகத் தோட்டக் குடும்பங்களில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள் என்று சொல்லப்படுவது முதல் மாதவிடாய் வந்த அன்றுதான். தாய்மாமனுக்குச் செய்தி அனுப்புவது, நாள் பார்ப்பது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்த நாளிலிருந்தே தொடங்குகின்றன. உடலோ அதற்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தன் வேலையைத் தொடங்கியிருக்கும். இந்த இடைவெளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மார்பு அரும்புவதைக் கண்ட தாய் ஏதோ நோய் என்று பயப்படுகிறாள். பதின்மூன்றரை வயதில் மார்பு நன்கு வளர்ந்து, உயரமும் கூடி, மாதவிடாய் மட்டும் இன்னும் வராத பிள்ளையைப் பார்த்து இன்னொரு தாய் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்குச் சடங்கே இல்லாததால் அவர்களுடைய வளர்ச்சியை யாரும் கவனிப்பதுமில்லை. பதினைந்து வயதிலும் குரல் மாறாத பையனை வகுப்பில் கேலி செய்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

முதல் பிள்ளை எட்டு, ஒன்பது வயதை எட்டும் வேளையில் இதைப்பற்றி முதன்முதலாக யோசிக்கும் தாய் தந்தையருக்காகவும், பெற்றோர் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்வதால் பிள்ளையை வளர்க்கும் அம்மாயி, அப்பாயி, சித்தி ஆகியோருக்காகவும் இது எழுதப்படுகிறது.

முதல் படி: எது எப்போது வரும் என்று அறிந்துகொள்ளுங்கள்

பெண் பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சி 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் எப்போது தொடங்கினாலும் அது இயல்பானதே. பெரும்பாலானோரிடம் முதலில் தெரிவது மார்பு அரும்புதல். முலைக்காம்பின் அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிறு கட்டி கைக்குத் தட்டுப்படும், அழுத்தினால் வலிக்கும். பல பிள்ளைகளுக்கு அது ஒரு பக்கம் மட்டும் முதலில் வரும், மறு பக்கம் சில மாதங்கள் பிந்தித் தொடங்கும். ஒரு பக்கக் கட்டி என்றதும் புற்றுநோய் என்று நினைத்து, பத்தோ எண்ணெயோ போட்டு அழுத்தித் தேய்ப்பவர்கள் உண்டு. அதைத் தேய்க்கவும் கூடாது, வெட்டி எடுக்கச் சொல்லிக் கேட்கவும் கூடாது. பிற்காலத்தில் மார்பாக வளர வேண்டிய திசு முழுவதும் அந்தச் சிறு அரும்புக்குள்தான் இருக்கிறது. அதை நீக்கினால் அந்தப் பக்கம் மார்பே வளராமல் போகலாம்.

மார்பு அரும்பியதைத் தொடர்ந்தோ அதனோடு சேர்ந்தோ அந்தரங்கப் பகுதியிலும் பிறகு அக்குளிலும் முடி முளைக்கும், வியர்வையின் வாடை மாறும், முகத்தில் பரு வரும். உயரம் வேகமாகக் கூடுவதும் இதே காலத்தில்தான். ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்ரிமீற்றர் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை ஓராண்டில் 8 சென்ரிமீற்றர் வரை வளர்ந்துவிடும். பாடசாலைச் சீருடை ஒரே தவணையில் குட்டையாகிப்போவதைப் பார்த்துப் பல தாய்மார் இதை உணர்ந்திருப்பார்கள். இந்த வேகம் குறையத் தொடங்கிய பிறகே முதல் மாதவிடாய் வருகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக உள்ளாடையில் வெள்ளை படுவதும் வழக்கம். மாதவிடாய் வந்தபின் பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரைதான் வளர்வார்கள். ஆகவே "சடங்கு முடியட்டும், அப்புறம் நல்லா வளர்ந்துடுவா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பியிருக்க வேண்டாம். வளர்ச்சியின் பெரும் பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஆண் பிள்ளைகளுக்கு இது 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் தொடங்கும். அவர்களிடம் முதல் அறிகுறி விதைகள் பெரிதாவது; வீட்டில் யாருக்கும் அது தெரியாது, பையனுக்கே பல வேளை தெரியாது. பிறகு முடி, ஆணுறுப்பின் வளர்ச்சி, குரல் உடைதல், உறக்கத்தில் தானாக விந்து வெளியேறுதல் என்று வரிசையாக வரும். மீசை கடைசியில்தான் வரும். உயரம் வேகமாகக் கூடும் காலம் பெண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிந்தி வருவதால், ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் உயர்ந்தும் பையன்கள் குட்டையாகவும் நிற்பார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓராண்டுக்கு 9 அல்லது 10 சென்ரிமீற்றர் வளர்ந்து அந்தப் பையன்கள் கணக்கைச் சமன் செய்துவிடுவார்கள்.

ஆக, மனதில் வைக்க வேண்டிய எண்கள் மிகச் சிலவே. பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன் அறிகுறி தொடங்கினால் முந்தியது. 13 வயது முடிந்தும் மார்பு அரும்பாவிட்டால், அல்லது 15 வயதிலும் மாதவிடாய் வராவிட்டால் பிந்தியது. ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன் தொடங்கினால் முந்தியது. 14 வயது முடிந்தும் எதுவும் தொடங்காவிட்டால் பிந்தியது. இந்த எல்லைகளுக்கு உள்ளே பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு வந்துவிட்டது, நம் பிள்ளைக்கு வரவில்லை என்பதற்கு மருத்துவ ரீதியாக எந்த மதிப்பும் இல்லை.

பாட்டியின் வயதோடு ஒப்பிடுவதும் சரியாக வராது. போஷாக்குக் குறைந்த காலங்களில் மாதவிடாய் பிந்தி வரும். உணவும் உடல்நலமும் மேம்பட மேம்பட அது முந்தி வரும். உலகின் பல நாடுகளில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்தது இதுதான். அம்மாயி பதினாறு வயதில் பெரிய பிள்ளையானார் என்றால், அவர் காலத்து அரிசிப் பங்கையும் வேலையையும் சேர்த்தே அதை எண்ண வேண்டும். பேத்திக்குப் பன்னிரண்டில் வருவது காலம் கெட்டுப்போனதன் அடையாளமாகாது.

இரண்டாம் படி: எழுதி வையுங்கள்

மருத்துவர் முதலில் கேட்பது "எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக மாறியது" என்ற இரண்டைத்தான். ஒரு தனி வயதைவிட மாற்றங்கள் எந்த வரிசையில், எந்த வேகத்தில் வருகின்றன என்பதே அவருக்கு அதிகம் சொல்லும். "கொஞ்ச நாளாத்தான் டாக்டர்" என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, பிள்ளைக்கு எட்டு வயதானதிலிருந்து உயரத்தை எழுதத் தொடங்குங்கள்.

உயரம் அளப்பது எளிதாகத் தோன்றினாலும் லயக் காம்பராவில் அதைச் சரியாகச் செய்யக் கொஞ்சம் கவனம் வேண்டும். தரை சமமாக இருக்கும் ஓர் இடத்தை, பெரும்பாலும் உள்வாசல் நிலைக்கு அருகில், தேர்ந்தெடுத்து எப்போதும் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கொண்டையோ உச்சியில் கட்டிய பின்னலோ இருந்தால் அவிழ்த்து, குதிகாலும் பின்புறமும் தோளும் சுவரில் படுமாறு பிள்ளையை நிறுத்துங்கள். பிள்ளை நேரே எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும். நாடியைத் தூக்கினால் அளவு மாறிவிடும். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, தலையில் படும் வரை கீழே இறக்கி, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு தையல் நாடாவால் தரையிலிருந்து அளந்து, திகதியோடு எழுதுங்கள். காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். நாள் முழுவதும் நின்று நடந்தபின் மாலையில் ஒரு சென்ரிமீற்றர் வரை குறைவாகக் காட்டுவது இயல்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். வாரா வாரம் அளப்பது பிள்ளையின் மனதில் பயத்தை வளர்க்குமே தவிர வேறு பயன் இல்லை.

அதே கொப்பியில் தாய்க்கு எந்த வயதில் முதல் மாதவிடாய் வந்தது, தகப்பன் எந்த வயதில் உயர்ந்தார், பெரியப்பா, சித்தப்பா, மாமன்மாரில் எவராவது "பிந்தி வளர்ந்தவர்" உண்டா என்பதையும் எழுதுங்கள். பிந்தி வரும் பையன்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் எதுவும் இருப்பதில்லை. தகப்பனோ மாமனோ அவ்வாறே பிந்தி வளர்ந்திருப்பார். தகப்பன்மார் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். "ஓ லெவல் படிக்கிற வரைக்கும் நான்தான் வரிசையில முன்னால நின்னேன்" என்று அவர் சொல்லும் ஒரு வரி, பையனுக்குச் செய்ய வேண்டிய சில பரிசோதனைகளையே தேவையற்றதாக்கிவிடக்கூடும். மகனிடம் அதை நேரடியாகச் சொன்னால் அவனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு இல்லை.

பிள்ளை எவ்வளவு உயரம் வரக்கூடும் என்பதற்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. தாய் தகப்பன் இருவரின் உயரத்தையும் சென்ரிமீற்றரில் கூட்டி, பையனாக இருந்தால் 13 சேர்த்தும் பெண் பிள்ளையாக இருந்தால் 13 கழித்தும், இரண்டால் வகுக்க வேண்டும். தகப்பன் 165, தாய் 150 என்றால் பையனுக்கு 164, பெண் பிள்ளைக்கு 151 என்று வரும். அதற்கு ஏழெட்டுச் சென்ரிமீற்றர் மேலே கீழே இருப்பது சாதாரணம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, விளம்பரத்தில் வரும் உயர வளர்ச்சி மாவுகளுக்குப் பணம் கொடுக்கும் எண்ணம் பலருக்குப் போய்விடும்.

மூன்றாம் படி: காத்திருக்கலாமா, காட்ட வேண்டுமா என்று பிரித்துப் பாருங்கள்

முதலில், பயமுறுத்தினாலும் காத்திருக்கக்கூடியவை. பையன்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பருவக் காலத்தின் நடுவில் முலைக்காம்பின் அடியில் சிறு கட்டியும் வலியும் வரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும். பீலியில் குளிக்கும்போது சட்டையைக் கழற்ற மறுக்கும் பையனுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். பெண் பிள்ளையின் இரு மார்பும் ஒரே அளவில் இல்லாமல் இருப்பதும் அவ்வாறே. முதல் மாதவிடாய்க்குப் பின் அடுத்தது இரண்டு மாதம் வராமல் போவதும், முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சுற்று 21 நாளாகவும் 45 நாளாகவும் மாறி மாறி வருவதும் வழக்கமே. கருமுட்டை வெளியாகும் ஒழுங்கு நிலைபெறக் காலம் எடுக்கும்.

கொழுத்த பிள்ளைகளின் நெஞ்சில் சதை திரண்டிருப்பதை மார்பு என்று எண்ணிக் கலங்குவதும் உண்டு. பிள்ளையை மல்லாந்து படுக்க வைத்தால் கொழுப்பு பரவிப் போகும். உண்மையான அரும்பு காம்பின் அடியில் கட்டியாகவே நிற்கும். இருப்பினும் உடல் எடை கூடிய பெண் பிள்ளைகளுக்குப் பருவம் சற்று முந்தி வருவது அறியப்பட்ட உண்மை. பிராய்லர் கோழியில் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று டவுன் பஸ்ஸில்கூடக் கேட்கலாம். அந்தக் கோழி வேகமாக வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும்தான். பிள்ளையின் எடையைக் கூட்டும் பிஸ்கட், சோடா, பொரித்த தீனி ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்படுவது கூடுதல் பொருத்தமாக இருக்கும்.

இனி, காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டியவை. எட்டு வயதுக்கு முன் பெண் பிள்ளைக்கும் ஒன்பது வயதுக்கு முன் ஆண் பிள்ளைக்கும் மேலே சொன்ன எந்த அறிகுறி வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். முடியும் வியர்வை வாடையும் மட்டும் முந்தி வந்து, மார்போ உயரமோ மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி சற்று முன்னதாக விழித்துக்கொண்டதன் விளைவு, ஆபத்தில்லாதது. ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு மார்பு சற்றுப் புடைத்திருப்பதும் அவ்வாறே பெரும்பாலும் தீங்கற்றது, கிளினிக் போகும்போது காட்டினால் போதும். ஆண் பிள்ளைக்கு முந்தி வருவதை மட்டும் "ஆம்பிளைப் பிள்ளைதானே" என்று விட்டுவிடாதீர்கள். பெண் பிள்ளைகளிடம் முந்திய பருவத்துக்குப் பெரும்பாலும் தனிக் காரணம் ஒன்றும் கிடைக்காது. ஆண் பிள்ளைகளிடம் மூளையிலோ சுரப்பியிலோ ஒரு காரணம் இருக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

எந்த வயதானாலும், பருவ மாற்றத்தோடு தொடர்ந்த தலைவலி, காலையில் வாந்தி, பார்வைக் குறைவு ஆகியவை சேர்ந்து வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மார்பு வளர்ச்சி எதுவுமின்றி இரத்தம் கண்டால் அதை மாதவிடாய் என்று எண்ணிச் சடங்குக்கு நாள் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். காயம், புண், உள்ளே போன ஏதேனும் பொருள் ஆகியவற்றோடு, எவராவது பிள்ளைக்குத் தீங்கு செய்திருக்கக்கூடும் என்பதையும் அங்கே பார்ப்பார்கள். அத்தகைய சந்தேகம் உங்களுக்கே இருந்தால், தோட்டத்தில் யாரிடமும் ஆலோசனை கேட்கத் தேவையில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு நேரே அழைக்கலாம்.

பிந்தி வருவதில் மூன்று நிலைமைகள் குறிப்பாகக் கவனிக்கத்தக்கவை. மார்பு முழுமையாக வளர்ந்த பிள்ளைக்கு மாதவிடாய் வராமல், ஆனால் மாதந்தோறும் அடிவயிற்றில் சில நாட்கள் கடும் வலி வந்து போனால், இரத்தம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம். சிறிய சத்திர சிகிச்சையில் அது சரியாகும். வகுப்பிலேயே மிகக் குட்டையான பெண் பிள்ளைக்கு 13 வயதிலும் மார்பு அரும்பாவிட்டால் பிறவியிலேயே வந்த குரோமோசோம் குறைபாடு ஒன்று உண்டா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது நிலைமையைப் பலர் அறிவதில்லை. பிறந்தது முதல் மணமே தெரியாத சில பிள்ளைகளுக்குப் பருவத்தைத் தொடக்கி வைக்கும் மூளைச் சுரப்பும் குறைவாக இருக்கும். கொழுந்து வாடும் வாசனை ஃபெக்டரியிலிருந்து லயம் வரை வந்தாலும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லும் பதினான்கு வயதுப் பையனை அந்தக் காரணத்துக்காகவே ஒரு முறை காட்டுங்கள். தலசீமியா போன்ற நோய்க்குத் தொடர்ந்து இரத்தம் ஏற்றப்படும் பிள்ளைகளுக்கும் பருவம் பிந்தலாம்; அவர்கள் போகும் கிளினிக்கிலேயே அதைக் கேட்கலாம்.

மாதவிடாய் தொடங்கியபின் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தாலோ காட்ட வேண்டும்.

நான்காம் படி: உணவையும் தேத்தண்ணீரையும் சீர்செய்யுங்கள்

பருவக் காலத்தில் உடல் வேகமாக வளர்வதால் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிறது. மாதவிடாய் தொடங்கியபின் பெண் பிள்ளைகளுக்கு அது மேலும் கூடும். தோட்டத்துச் சாப்பாட்டில் குறை எங்கே என்றால், காலையில் ரொட்டியும் சம்பலும், அதோடு சூடாக ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணீர் என்பதில்தான். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்து உடலில் சேரவிடாமல் செய்கிறது. நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காதே என்று சொல்வது நடக்காத காரியம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள், அது போதும். பாடசாலையிலோ கிளினிக்கிலோ கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேத்தண்ணீரோடு விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும்.

நெத்தலிக் கருவாடு, முட்டை, பருப்பு, கடலை, முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. கீரையில் தேசிக்காய் பிழிவதும், சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாப்பழம் கொடுப்பதும் இரும்பு உடலில் சேர உதவும். குடற்புழுவுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

சடங்குக் காலத்தில் கொடுக்கப்படும் உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை ஆகியவை நல்ல உணவுகளே. மீன், இறைச்சி கூடாது, தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும் என்னும் விலக்குகளுக்கு மட்டும் எந்த அவசியமும் இல்லை. இரத்தம் போகும் நாட்களில் அவை தீங்கே செய்யும். பச்சை முட்டையை அவித்துக் கொடுப்பது பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: பிள்ளையிடம் முன்கூட்டியே பேசுங்கள்

ஒன்பது வயது ஆகுமுன் ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும். தாய் விடியற்காலையில் மலைக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறாள் என்றால், பிள்ளைக்கு முதல் இரத்தம் கண்ட நேரத்தில் அவள் பக்கத்தில் இருக்கும் வாய்ப்பே குறைவு. ஆகவே யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதைப் பெயர் குறிப்பிட்டே பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். நீண்ட விளக்கம் தேவையில்லை: "இது புண்ணுமில்ல, நோயுமில்ல மகள். எல்லாப் பொம்பளைப் பிள்ளைகளுக்கும் வாறதுதான், அம்மாவுக்கும் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல வந்தா டீச்சர்கிட்ட சொல்லு, வீட்டுல வந்தா அப்பாயிகிட்ட சொல்லு, அழக் கூடாது." தாய் வெளிநாட்டில் இருந்தால் இதையே தொலைபேசியில் அவளே சொல்வது நல்லது, அத்தையோ பாட்டியோ சொல்வதைவிட அது மனதில் நிற்கும்.

புத்தகப் பையின் அடியில் ஒரு பேட்டையும் ஓர் உள்ளாடையையும் ஒரு பழைய செய்தித்தாளையும் பத்து வயதிலிருந்தே வைத்துவிடுங்கள். துணி பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். மலையகத்தில் சிக்கல் அங்கேதான் வருகிறது. ஜூன், ஜூலை மாத மழையிலும் மூடுபனியிலும் ஒன்றும் காயாது. வெட்கப்பட்டு மற்றத் துணிகளின் அடியில் மறைத்துப் போட்டால் ஈரம் அப்படியே நிற்கும், அதனால் புண்ணும் அரிப்பும் வரும். மழைக்காலத்துக்கு இரு மடங்கு துணி தயாராக வைத்திருப்பதும், அடுப்பங்கரைச் சூட்டில் காய்ந்தபின் இஸ்திரி போடுவதும் உதவும். பேட்டோ துணியோ நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் உண்டா என்று வகுப்பாசிரியையிடம் கேட்டறியுங்கள். பல பிள்ளைகள் அந்த நாட்களில் பாடசாலைக்குப் போகாததற்கு வயிற்று வலியைவிட அதுவே காரணம்.

திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை ஃபார்மசியில் வாங்கிக் கொடுக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. புதிதாக மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்த ஹோர்மோன் மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

பையன்களிடம் தகப்பனோ மாமனோ பேச வேண்டும். உறக்கத்தில் விந்து வெளியேறுவது பலவீனம் என்று பயமுறுத்தி மருந்து விற்பவர்கள் எல்லா டவுனிலும் இருக்கிறார்கள். அது இயல்பானது என்று வீட்டில் ஒருவர் ஒரே முறை சொல்லிவிட்டால் அந்தக் கடைக்கு வேலை இல்லை.

சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சடங்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உறவினர் கூடி ஒரு பிள்ளையைக் கொண்டாடுவதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஒன்பது, பத்து வயதில் வயதுக்கு வந்த பிள்ளையை மேடை போட்டு, சேலை கட்டி, வீடியோ எடுத்துத் தோட்டம் முழுவதும் அறியச் செய்வதைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும். உடல் வளர்ந்திருந்தாலும் அவள் நான்காம் வகுப்புப் பிள்ளை. பாண்டி விளையாட வேண்டியவள். அந்த அறிவிப்புக்குப் பின் ஆட்கள் அவளைப் பார்க்கும் பார்வை மாறுகிறது, அவளுக்கு அதைச் சமாளிக்கும் வயது இல்லை. வீட்டளவில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பெரிய விழாவைச் சில ஆண்டுகள் தள்ளி வைத்த குடும்பங்கள் உண்டு. அதற்காக எந்தத் தாய்மாமனும் உறவை முறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தனியே உட்கார வைக்கும் நாட்களிலும் பாடசாலையை நிறுத்த வேண்டாம். கடன் வாங்கிச் செய்வது பற்றி அவரவர் முடிவு செய்யட்டும்.

ஆறாம் படி: யாரிடம், எவற்றைக் கொண்டு போவது

தோட்டத்து டிஸ்பென்சரியில் உள்ள வைத்திய உதவியாளரிடமோ, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்ப நல உத்தியோகத்தரிடமோ, அதாவது நாம் மிட்வைஃப் என்று அழைக்கும் அம்மாவிடமோ முதலில் சொல்லலாம். பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து பாடசாலைக்கு வந்து செய்யும் மருத்துவப் பரிசோதனையும் நல்ல வாய்ப்பு. ஏழாம், பத்தாம் வகுப்புகளில் அது நடக்கும்போது உங்கள் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அங்கிருந்தோ, அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலிருந்தோ கடிதம் பெற்றுச் சிறுவர் நல விசேட வைத்தியரின் கிளினிக்குக்குப் போகலாம். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தவருக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலையும், மற்றவர்களுக்கு நுவரெலியா, பதுளை, கண்டி வைத்தியசாலைகளும் அருகில் உள்ளவை. மேலும் ஆராய வேண்டியிருந்தால் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. போவதற்கு ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழக்க வேண்டியிருக்கும் என்பதால்தான், ஒரே பயணத்தில் வேலை முடியுமாறு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போகச் சொல்கிறோம்: உயரம் எழுதிய கொப்பி, பிள்ளையின் கிளினிக் கார்ட், பிறப்புச் சான்றிதழ், முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள், பிள்ளை குடித்த மருந்துகளின் பெயர். நாட்டு மருந்தாக இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

மொழி ஒரு தடையாக இருக்கக்கூடும். சிங்களம் தெரிந்தவர் ஒருவரை அழைத்துப் போவதாக இருந்தால் அது பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்க வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை அவர் முன்னால் வாயே திறக்காது. சித்தியோ, பாடசாலை ஆசிரியையோ, கிளினிக்கிலேயே உள்ள தமிழ் தெரிந்த தாதியோ பொருத்தமானவர்கள்.

மருத்துவர் உயரத்தையும் எடையையும் அளந்து, மார்பையும் முடி வளர்ச்சியையும் பார்த்து, பிரித்தானிய மருத்துவர் ஜேம்ஸ் டேனர் வகுத்த ஐந்து நிலைகளில் பிள்ளை எந்த நிலையில் உள்ளது என்று குறிப்பார். பையன்களுக்குச் சிறிதிலிருந்து பெரிதாகக் கோத்த மணிமாலை ஒன்றை ஒரு கையில் வைத்து மறு கையால் விதையின் அளவை ஒப்பிடுவார். 4 மில்லிலீற்றர் மணியை எட்டியிருந்தால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள், பையன் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாம். என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லுங்கள். தாய் பக்கத்தில் இருக்கலாம், பெண் மருத்துவரோ தாதியோ வேண்டும் என்று கேட்கலாம். இந்தச் சோதனைக்குப் பெண் பிள்ளையின் உறுப்புக்குள் கருவி எதுவும் செலுத்தத் தேவையில்லை.

அடுத்ததாக இடது கையின் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். கையில் ஒன்றுமில்லையே என்று திகைக்க வேண்டாம். மணிக்கட்டிலும் விரல்களிலும் உள்ள எலும்புகள் எவ்வளவு முதிர்ந்துள்ளன என்பதிலிருந்து எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள். பதினான்கு வயதுப் பையனின் எலும்பு வயது பன்னிரண்டு என்று வந்தால் அது நல்ல செய்தி. வளர இன்னும் இடம் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எலும்பு வயது பத்து என்று வந்தால், இப்போது உயரமாகத் தெரிந்தாலும் எலும்பு சீக்கிரம் மூடி, முடிவில் குட்டையாகவே நின்றுவிடும். அத்தகைய பிள்ளைகளில் சிலருக்குப் பருவத்தை நிறுத்தி வைக்கும் ஊசி மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடப்படும். அந்த ஊசியால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்ற பேச்சு தவறு. ஊசியை நிறுத்தியதும் நின்ற இடத்திலிருந்து பருவம் மறுபடி தொடரும். ஹோர்மோன், தைரோய்ட், இரத்தச்சோகைக்கான இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேனோ மூளை ஸ்கேனோ பிறகு வரும்.

பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் பதில் "ஆறு மாதத்தில் மறுபடி வாருங்கள்" என்பதே. ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சலித்து அந்த இரண்டாவது நாளுக்குப் போகாமல் விடுபவர்கள் அதிகம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் எவ்வளவு வளர்ந்தது என்பதே அங்கு சோதனை. முதல் நாள் அளவு தனியாக எதையும் சொல்லாது. கிளினிக் கார்டில் எழுதிய திகதியைக் காம்பராக் கலண்டரிலும் குறித்து, அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு கோடு சுவரில் போட்டு வாருங்கள். இடையில் மார்பு வேகமாகப் பெரிதானாலோ, இரத்தம் கண்டாலோ, தலைவலி தொடங்கினாலோ திகதி வரும் வரை இராமல் அதே கார்டோடு முன்கூட்டியே போகலாம்.